வாப்பா பொறந்த செவ்வாக்கெழமை

வாப்பா. ஏ வாப்பா.

ஊரெல்லாம் உங்களை ரேடியோ பாய்னு கூப்புடும். வாப்பான்னு கூப்புடுதது நான் ஒருத்திதான். கல்யாணம் ஆயி ரொம்ப வருசம் கழிச்சிப் பொறந்த ஒத்தப் புள்ளை. நீங்க மவுத்தாயிப் போன பெறவும் என் வாய்க்கு அது தெரிய மாட்டேங்குது. எங்கனயாவது மைக் கீ...ன்னு கத்துனா உடனே உங்க கட்டிலைத் திரும்பிப் பாக்கேன். சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சி, "எந்த மூதேவிலே ஸ்பீக்கரு குழாய்க்கு நேரா மைக்கை நீட்டுதது"ன்னு கத்துவீங்கள்லா, அதுக்குத்தான். கட்டிலு காலியா இருக்கும். உம்மா ஓடுத ஃபேனை நிறுத்திட்டு உள்ள போயிருவாவ.

நான் எட்டாங்கிளாசு பாதியில நின்னவ. பீடி சுத்துதவ. எனக்குப் பேசத்தான் வரும், பேசுதது மாதிரியே எழுதுதேன். எங்க வாப்பாவுக்கு எழுவது வயசு ஆன அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும். அன்னைக்கு எங்களுக்கு நல்லது செஞ்சவங்க நெறய பேரு. அவங்களுக்கு நேர்ல நன்னி சொல்ல நான் இன்னும் போகலை.

வாப்பாக்கு மைக் செட்டுத் தொழில், எங்க பக்கம் அதை ரேடியோம்பாங்க. ஆம்ப்ளிஃபையரு, நாலு குழாய், பெட்டி, டியூப் லைட்டு, ஒரு பழைய ஜெனரேட்டரு. எங்க ஊரு ஆத்தங்கரையில இருக்கு. இந்தக் கரையில பள்ளிவாசலு, எங்க தெரு. அக்கரையில மூணு ஊரு, மூணு ஊருலயும் அம்மன் கோயிலு, வருசத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கோயில் கொடைக்கும் வாப்பாதான் ரேடியோ கட்டணும், தர்கா கந்தூரிக்கும் வாப்பாதான், கடக்கரைப் பக்கம் மாதா கோயில் திருவிழாவுக்கும் கூப்புடுவாங்க.

மைக் செட்டுக்காரவுகளுக்குப் பொட்டிப் பாட்டு, அதான் ரெக்கார்டு பாட்டு, போட்டாத்தான் பொழப்பு. எங்க வாப்பா பாட்டு போடாம பொழச்சவங்க. கொடைக்குச் சொல்ல யாராவது வீட்டு வாசலுக்கு வந்தா மொதக் கேள்வியே, "மேளம் யாரு?"ன்னுதான். இன்னும் மேளம் சொல்லலைன்னா, "அப்பம் அதைச் சொல்லிட்டு வாரும். என் குழாய் எங்கன ஓடிரப் போவுது"ம்பாவ. மேளம் இல்லாத கொடைக்கு ரேடியோ கட்ட மாட்டாவ. பாட்டுக்காரி இல்லாம சும்மா போன்ல வில்லுப்பாட்டு போடணும்னாலும் போக மாட்டாவ. கந்தூரிக்கு தப்ஸ் கொட்டு அடிக்கவங்க வரலைன்னா அங்கயும் இதே கதைதான். "உசுரோட ஒருத்தன் ஊதுதான், அடிக்கான், பாடுதான்னா அதைப் பெருசாக்கத்தான் அல்லா எனக்கு இந்த மிஷினைக் குடுத்திருக்கான்"னு சொல்லுவாவ.

ஒரு வருசம் அக்கரையில பெரிய ஊரு கமிட்டி அண்ணாச்சி, "மேளத்துக்கு ஆகுத செலவு ஜாஸ்தியாப் போச்சு பாய், போன்லயே நையாண்டி மேளம் இருக்கு, அதைப் போட்டு விடும்"னு சொல்லிட்டாரு. குழாயெல்லாம் வேப்பமரத்துல கட்டி முடிச்சாச்சி. யாரோ ஒரு பையன் போனைச் சொருவி மேளத்தைப் போட்டுட்டான். வாப்பா பைய எந்திரிச்சி வயரைப் புடுங்கி, அதை முழங்கையில சுத்தி, கோயிலுக்கு முன்னால மண்ணுல உக்காந்துட்டாவளாம். அந்த அண்ணாச்சி என்னல்லாமோ ஏசுனாரு. "ஏசும்வே. மைக்கு வேணுமா, தாரேன், அதுல ஏசும். ஆனா மேளம் வராம கரண்டு வராது"ன்னு சொல்லிருக்காவ. மத்தியானத்துக்கு மேல வேன் அனுப்பி மேளத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்த வருசத்துல இருந்து அந்த ஊருல மேளம் நின்னதே இல்ல.

அதோட முடியாது. மேளக்காரவுகளுக்கு எல்லாக் கோயில்லயும் கடைசிப் பந்திதான். ஊரே சாப்பிட்டு, எலை எடுத்து, சட்டி வழிச்ச பெறவுதான் அவங்களைக் கூப்புடுவாங்க. வாப்பா அவங்க உக்காரும்போதுதான் உக்காருவாவ. "ரேடியோ பாய்க்குப் பசிக்கும், சட்டுனு போடுங்க"ன்னு கமிட்டி ஓடும். அந்தச் சாக்குல அவங்களுக்கும் சோறு சூடாக் கெடைச்சிரும். இதை நாதசுரம் ஊதுத நாயனக்கார அண்ணாச்சி என்கிட்ட போன்லயே எத்தனையோ மட்டம் சொல்லியிருக்காரு.

போன்லன்னு ஏன் சொல்லுதேன்னா, வாப்பாக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால போனு எப்பவும் என்கிட்டதான். ஒரு கையில பீடித் தட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனு. எந்தக் கொடைக்கு எந்த மேளம், எங்கன வேன் நிக்கும், எல்லாம் நான்தான் கேட்டுச் சொல்லுவேன். நாயனக்கார அண்ணாச்சி இருமுனா அது எந்த இருமல்னு எனக்குத் தெரியும். வில்லுப்பாட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தா ஹலோன்னு சொல்லும்போதே கண்டுபிடிச்சிருவேன். ஆனா ஒருத்தர் மொகத்தையும் நான் பாத்ததில்ல. நாங்க பொம்பளைப் புள்ளைக கொடைக்கெல்லாம் போறதில்ல. ராத்திரி அக்கரையில இருந்து குழாய் வழியா வரும், படுத்துக்கிட்டே கேப்பேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச மேளம்.

பெறவு வாப்பாக்கு ரெண்டு கிட்னியும் கெட்டுப் போச்சி. வாரத்துக்கு மூணு நாளு ஆசுபத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். செவ்வா, வியாழன், சனி. குழாயையும் மிஷினையும் சாச்சா மவன்கிட்ட குடுத்துட்டாவ. அவன் எனக்குத் தம்பி முறை, ஆட்டோ ஓட்டுதான், நல்ல பய. பாட்டு போட மாட்டேன்னு பள்ளிவாசல் வாசல்ல வச்சிச் சத்தியம் வாங்கிட்டுத்தான் சாவியைக் குடுத்தாவ.

பொங்கலு கழிஞ்சி ஒரு நாள் ஆசுபத்திரியில இருந்து வரும்போது ஆட்டோவுல வாப்பா கேட்டாவ.

"ஏளா, எனக்கு ஒரு ஆசை."

"என்ன வாப்பா, தண்ணியா?" அவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு செம்பு தண்ணி தாண்டக் கூடாது. எப்பவும் அதைத்தான் கெஞ்சுவாவ.

"தண்ணி இல்லளா. மேளம் கேக்கணும். நான் இத்தனை வருசமும் குழாய்ல வார மேளத்தைத்தான் கேட்டிருக்கேன். எது கூடுது, எது கொறையுது, எது கத்துதுன்னு மிஷின் பக்கத்துலயே உக்காந்துட்டேன். மைக் இல்லாம, வயர் இல்லாம, அவன் ஊதுத காத்து என் மேல படணும். ஒரு தடவை."

நான் சரின்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வெளிய பாத்துக்கிட்டு வந்தேன். டாக்டரு அதுக்கு முந்தின வாரம்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இருதயமும் ரொம்பத் தளந்து போச்சி, பாத்துக்கிடுங்கன்னு சொல்லியிருந்தாரு. அந்த ஒரு தடவையை எப்பிடியாவது செஞ்சி குடுத்துரணும். எனக்கு வேற நெனப்பே இல்ல.

அப்பந்தான் எழுவது வயசு ஞாபகம் வந்துச்சி. ஆதார் கார்டுல வாப்பா பொறந்த நாளுன்னு ஒண்ணு கெடக்கு, அது பள்ளிக்கூடத்து வாத்தியாரு போட்டது. நெசமான நாளு வேற. சித்திரை கடைசிச் செவ்வாக்கெழமை. அக்கரையில கொடை. தீர்த்தம் எடுக்க ஆத்துக்கு வந்த மேளம் கேட்டுக்கிட்டு இருக்கும்போது பொறந்தாவளாம். "என் காதுல பாங்கு சொல்லுததுக்கு முன்னாலயே தவிலு ஏறிட்டு, அதான் நான் இப்பிடி"ன்னு வாப்பா சிரிப்பாவ.

எங்கள்ல பொறந்த நாள்லாம் பெருசா கொண்டாடுதது இல்ல. கேக்கு வெட்டுதது வாப்பாக்குப் பிடிக்காது. ஆனா எழுவதுன்னு சொல்லி எல்லாரையும் கூப்புடலாம்லா? மாடியில பந்தல் போடணும், உம்மா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கணும், மேளக்காரவுக எல்லாரும் வரணும், அன்னைக்கு அவங்களுக்குத்தான் மொதப் பந்தி, சாப்பிட்டுட்டு வாப்பாக்கு முன்னால உக்காந்து வாசிக்கணும். பீடி சுத்திக்கிட்டே எல்லாம் மனசுக்குள்ள போட்டு வச்சிட்டேன். உம்மாவுக்கும் சந்தோசம்.

மொதல்ல நாயனக்கார அண்ணாச்சிக்குத்தான் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, வாப்பாக்கு எழுவது வயசு. சித்திரை கடைசிச் செவ்வாக்கெழமை நீங்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வரணும். நெய்ச்சோறு, கறி."

அவரு சிரிச்ச சிரிப்புல போனைக் காதுல இருந்து எடுத்துட்டேன்.

"ஏம்மா, நீ ரேடியோ பாய் மவதானா? இல்ல ஆசுபத்திரியில மாத்திட்டாங்களா? அன்னைக்குக் கொடைல்லா! சித்திரை கடைசிச் செவ்வாயில மேளக்காரன் வீட்டுல இருந்தா அவனுக்கு என்ன சீக்குன்னு ஊரே வந்து பாக்கும். இதுல ஆட்டுக்கறி வேற. நாங்க அன்னைக்கு விரதம்மா."

வாப்பா பொறந்த நாளே கொடை நாளுதான். அதைச் சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்தவ நான். அந்த மூணு ஊரு மேளத்தையும் அதே நாளுக்குக் கேட்டுச் சொன்னவளும் நான்தான். ரெண்டையும் சேத்து வச்சி யோசிக்கலை பாத்தீங்களா!

வில்லுப்பாட்டு அக்காவுக்குப் போட்டேன். "எப்பா, பொறக்கதுக்கு வேற நாளே கெடைக்கலியா உங்க வாப்பாக்கு? நான் அன்னைக்கு அக்கரையில நடு ஊருலல்லா பாடுதேன்"னு அந்த அக்காவும் சிரிக்காங்க.

வேற நாளுக்கு மாத்துவோமான்னு பாத்தா, சித்திரையும் வைகாசியும் அவங்க ஒரு எடத்துல இருக்க மாட்டாங்க. இன்னைக்கு ஒருத்தர் பாபநாசம் பக்கம், நாளைக்கு சாத்தான்குளம் பக்கம். மழைக்காலம் வரட்டும்னா அது வரைக்கும் வாப்பா இருப்பாவளா? நான் அடுக்களையில போய் அழுதேன். வாப்பா காதுல எல்லாம் விழுந்திருக்கு. கண்ணுதான் மங்கல், காதுக்கு ஒரு கொறையும் இல்லல்லா.

"ஏளா, இங்கன வா. எனக்காவ யாரும் கொடையை விட்டுட்டு வரக் கூடாது, கேட்டியா? கொடை அன்னைக்கு ஒரு தவிலு கொறைஞ்சா அந்த ஊருக்கு அது தெரியும். நானே மேளத்தை எடுத்துட்டேன்னு ஆயிரும்லா."

"அப்பம் உங்க ஆசை?"

"ஆசைப்படக் கூடாதுன்னா டாக்டரு சொல்லிருக்காரு? தண்ணிதான குடிக்கக் கூடாது."

ரெண்டு நாளு நான் அந்தப் போனைத் தொடவே இல்ல. மூணாம் நாளு அதுவே அடிச்சிது. நாயனக்கார அண்ணாச்சி.

"ஏம்மா, நாங்க உங்க வீட்டுக்கு வர முடியாது. உங்க வாப்பாவை நீ ஆத்துக்குக் கூட்டிட்டு வர முடியுமா?"

எனக்கு வெளங்கலை.

"செவ்வாக்கெழமை காலையில மூணு ஊரும் தீர்த்தம் எடுக்க எங்க வரும்? உங்க படித்துறைக்குத்தான? அக்கரையில படித்துறை ஏது? கொடத்துக்குப் பூவு சுத்தி, வேப்பங்கொழ வச்சி, தண்ணி மோக்குத வரைக்கும் நாங்க அங்கன நின்னு வாசிச்சித்தான் ஆகணும். ஆத்துல மைக்கும் கெடையாது, குழாயும் கெடையாது. பாயைக் கொண்டாந்து அங்கன ஒரு நாற்காலியில உக்காத்து. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்."

வருசா வருசம் எங்க வீட்டுப் பின்னால நடக்குதது அது. பாலத்து வழியா வந்து, பள்ளிவாசலைத் தாண்டுத வரைக்கும் மேளத்தை நிறுத்திட்டுச் சும்மா நடந்து வருவாங்க, தாண்டுனதும் ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல வாப்பா அக்கரையில கோயில்ல வயரு இழுத்துக்கிட்டு இருப்பாவ. ஒரு வருசம் கூட படித்துறையில நின்னதில்ல.

இப்பம் ஒரே ஒரு தடங்கல். செவ்வாக்கெழமை வாப்பாக்கு ஆசுபத்திரி முறை. முந்தின நாளே பண்ணிட்டா மறுநாளு தெம்பா இருப்பாவ. ஆனா திங்கக்கெழமை எடமே இல்லைன்னு நர்சு அக்கா சொல்லிட்டாங்க. நான் அவங்க பின்னாலயே நடந்தேன். யாராவது மாத்திக்கிட்டாத்தான் உண்டுன்னு சொன்னாங்க. கூடங்குளம் பக்கத்துல இருந்து வார ஒரு மீன்பிடிக்காரரு, கழுத்துல சின்னச் சிலுவை போட்டிருப்பாரு, அவரு திங்கக்கெழமை முறைக்காரரு. அன்னைக்கு என்னமோ டெஸ்டுக்கு வந்திருந்தாரு. நான் கேக்கதுக்கு முன்னாலயே அவரு சொன்னாரு.

"உங்க அப்பா எங்க திருவிழாவுக்கு ரேடியோ கட்டுனவருல்லா. பேண்டு செட்டு வாசிக்கும்போது நாங்க வெடி போட்டோம்னு எங்களையே அடிக்க வந்தவரு. என் முறையை எடுத்துக்கிடுங்க. நான் செவ்வாக்கெழமை வாரேன்."

அம்புட்டு தூரத்துல இருந்து பஸ்ஸுல வாரவரு. ஒரு நாளு தள்ளுனா மூச்சு வாங்கும், கால் வீங்கும். நோயாளிக்கு நோயாளி அதைக் குடுத்தாரு. அவரு இப்பம் எப்பிடி இருக்காரோ. நல்லா இருக்கணும்.

செவ்வாக்கெழமை விடிஞ்சிது. ஆட்டுக்கறி போச்சி. உம்மா பெரிய எவர்சில்வர் வாளியில நன்னாரி சர்பத்து கலக்குனாவ. "விரதத்துக்கு இது ஆகும்லா? எலுமிச்சம்பழம் புழியலாமா?"ன்னு என்னைய மூணு மட்டம் போன் போட்டுக் கேக்கச் சொல்லிட்டாவ. தம்பி ஆட்டோவைக் கொண்டாந்தான். வாப்பா வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, பெருநாளைக்குப் போடுத தொப்பி. படித்துறையில கடைசிப் படியில நாற்காலியைப் போட்டோம். கால் ரெண்டும் தண்ணிக்குள்ள. நானும் உம்மாவும் மேல்படியில.

தூரத்துல தவிலு கேட்டுச்சி. வாப்பா தலையைச் சாய்ச்சாவ. "பெரிய ஊரு வருது. நாயனம் நம்மாளு. தவிலு ரெண்டாவது ஆளு புதுசு." அவங்க திருப்பத்துல வார வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலை. வந்து நின்னதும்தான் மொத மொதலா அந்த மொகத்தையெல்லாம் பாத்தேன். நாயனக்கார அண்ணாச்சியை நான் நல்ல தடியா நெனச்சி வச்சிருந்தேன். கொச்சக்கயிறு மாதிரி ஒல்லியா இருக்காரு.

"என்னவே பாய், ஆத்துல மீன் புடிக்கீரா?"

"ஆமாவே. ஊதும், மீனு தானா மெதக்கும்."

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குள்ளயே கமிட்டி அண்ணாச்சி வந்துட்டாரு, வயரு புடுங்குன கதையில வந்தாருல்லா, அவரேதான். தங்கக் கலரு வேட்டி, நெத்தி நெறைய திருநீறு. பெரிய ஊரு கொடம் மொதல்ல போகணும், நல்ல நேரம் தாண்டக் கூடாது, அவரு ஒத்த வார்த்தை சொன்னா மேளம் கெளம்பிரும்.

அவரு வாப்பாவை மேலயும் கீழயும் பாத்தாரு. ஆளு பாதியாப் போனதை அப்பந்தான் பாக்காரு போல.

"அன்னைக்கு என் வயரைப் புடுங்குனீரு. இன்னைக்கு எதைப் புடுங்கலாம்னு வந்திருக்கீரு?"

"உம்ம மீசையைத்தான். கை எட்ட மாட்டேங்கு, கொஞ்சம் குனியும்."

அவரு குனிஞ்சாரு. நெசமாவே குனிஞ்சி தன் தோள்ல கெடந்த புதுத் துண்டை எடுத்து வாப்பா தோள்ல போட்டாரு. பெறவு திரும்பி, "ஏலே, மூணு ஊரும் வந்து சேரட்டும். பூவைப் பையக் கட்டுங்கலே, என்ன அவசரம்"னு சத்தம் போட்டாரு. பூக்கட்டுத பையன், "அண்ணாச்சி, கட்டி முடிச்சாச்சி"ன்னான். "அப்பம் அவுத்துக் கட்டு"ன்னாரு.

மூணு மேளமும் வந்துட்டு. வாப்பா நாற்காலியில உக்காந்துக்கிட்டே வேலையை ஆரம்பிச்சிட்டாவ. "பம்பை, நீரு மேல்படிக்குப் போம். உறுமி, அந்த மருதமரத்துக்கிட்ட. தவிலு ரெண்டு பேரு தண்ணிக்குள்ள எறங்குங்க, முழங்கால் வரைக்கும். தண்ணி சத்தத்தை வாங்கித் தரும். நாயனக்காரரே, நீரு அக்கரையைப் பாத்து ஊதும், அங்கன மோதி இங்கன வரட்டும்." அத்தனை பேரும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம நகந்தாங்க. மைக்கு இல்லாமலே மைக்கு கட்டுதாவ எங்க வாப்பா.

அவங்க அடிக்க ஆரம்பிச்சதும் நான் பயந்துட்டேன். நெசமாச் சொல்லுதேன். அம்புட்டு வருசம் படுத்துக்கிட்டு கேட்ட மேளம் வேற, இது வேற. படிக்கல்லு அதிருது. வாளியில சர்பத்து நடுங்குது. என் நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டுதது மாதிரி இருந்துச்சி. உம்மா என் கையை இறுக்கிப் புடிச்சிட்டாவ. தம்பி போனைத் தூக்கி வீடியோ எடுக்கப் போனான். வாப்பா திரும்பாமலே, "கீழ போடுலே. கேளு"ன்னாவ. எப்பிடித் தெரிஞ்சிதோ. அவன் பைக்குள்ள வச்சிட்டான். வேற யாரும் போனை எடுக்கலை.

பெறவு நாயனக்கார அண்ணாச்சி பைய நடந்து வாப்பாக்கிட்ட வந்தாரு. மத்த மேளம் எல்லாம் சத்தத்தைக் கொறைச்சிட்டு. நாயனத்தோட வாயை வாப்பா நெஞ்சுக்கு நேரா வச்சி, மெதுவா, நீளமா ஊதுனாரு. என்ன ராகம்னு எனக்குத் தெரியாது. வாப்பா ஊசி குத்திக் குத்தி வீங்குன அந்த இடது கையைத் தூக்கி நாயனத்துக்கு முன்னால விரிச்சிப் புடிச்சாவ. குளுருக்குத் தீக்காயுதது மாதிரி. காத்து கையில படுது. கண்ணை மூடிட்டாவ.

பட்டுட்டு வாப்பா. நீங்க கேட்டது பட்டுட்டு.

நடு ஊரு கொடத்தோட வில்லுப்பாட்டு அக்காவும் வந்திருந்தாங்க. "நான் சும்மா போவனா?"ன்னு முன்னால வந்தாங்க. வில்லு கோயில்ல இருக்கு, கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு, சாமி பொறந்த கதை பாடுவாங்கள்லா, அதே மெட்டுல எங்க வாப்பா பொறந்த கதையை எடுத்துட்டாங்க. வில்லுப்பாட்டுல பின்பாட்டுக்காரங்க ஆமா போடுவாங்க. அன்னைக்குப் பின்பாட்டு மூணு ஊரு சனம்.

"ஆத்தங்கரை ஓரத்திலே..."

"ஆமா!"

"அல்லா தந்த ஆம்பளப் புள்ளை..."

"ஆமா!"

"தீர்த்தக் கொடம் போகையிலே..."

"ஆமா!"

"தவிலு கேட்டு முழிச்ச புள்ளை..."

"ஆமா!"

"பொட்டிப் பாட்டு போட்ட எடத்தில் வயரைப் புடுங்கி வம்பு செஞ்சார்..."

இதுக்குத்தான் ஆமா பெருசா வந்துச்சி. கமிட்டி அண்ணாச்சி தலையில அடிச்சிக்கிட்டே அவரும் ஆமா போட்டாரு. வாப்பா சிரிச்ச சிரிப்புல தொப்பி தண்ணிக்குள்ள விழுந்துட்டு. புதுத் தவிலுக்காரரு எட்டிப் புடிச்சி, புழிஞ்சி, அவங்க தலையில வச்சி விட்டாரு.

உம்மா எல்லாருக்கும் சர்பத்து குடுத்தாவ. மொத கிளாசு மேளக்காரவுகளுக்கு. கொடம் சொமக்குதவங்களும் வாங்கிக் குடிச்சாங்க. வாப்பாக்கு ஒரு வாய் குடுத்தேன், அன்னைக்கு உள்ள ஒரு செம்பு தண்ணியில கழிச்சிட்டு. கொடத்துல தண்ணி மோந்து, பொம்பளைக கொலவை விட்டு, ஒவ்வொரு ஊரா கெளம்பிட்டு. மேளம் பாலத்தைத் தாண்டி, அக்கரைத் தென்னந்தோப்புக்குள்ள போயி, கேக்காமப் போற வரைக்கும் வாப்பா எந்திரிக்கலை.

ஆட்டோவுல ஏத்துனதும் என்னமாவது பெருசா சொல்லுவாவன்னு நெனச்சேன். "ஏளா, அந்தப் புதுத் தவிலுக்கு வாரு தளந்திருக்கு. மத்தியானக் கொடைக்கு முன்னால இறுக்கச் சொல்லி போன் போடு"ன்னாவ. நான் போட்டேன். பெறவு என் தோள்ல சாய்ஞ்சி தூங்கிட்டாவ. அவங்க மேல ஆத்துத் தண்ணி வாசமும் வேப்பங்கொழ வாசமும்.

ஆடி மாசம் ஒரு விடியக்காலம், சுபுஹு தொழுகை நேரத்துல வாப்பா மவுத்தாயிட்டாவ. கஷ்டப்படலை. நாங்க பொம்பளைக அடக்கம் பண்ணுத கபுருஸ்தானுக்குப் போக மாட்டோம்லா, நான் மாடி சன்னலு வழியாப் பாத்தேன். ஜனாஸா போற பாதையில ஓரமா மேளக்காரவுக எல்லாரும் நின்னாங்க. நாயனக்கார அண்ணாச்சி தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டியிருந்தாரு. வில்லுப்பாட்டு அக்கா தலையில முக்காடு போட்டு எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்க. மேளம் இல்ல, நாயனம் இல்ல. வெறுங்கையை எங்க வைக்கன்னு தெரியாம நின்னாங்க. கமிட்டி அண்ணாச்சி வாப்பாவைச் சொமந்த சந்தூக்குக்குத் தோள் குடுத்தாருன்னு தம்பி வந்து சொன்னான்.

அன்னைக்கு வீடியோ எடுத்திருந்தா இப்பம் பாக்கலாம்லான்னு சில நேரம் நெஞ்சு கெடந்து அடிக்கும். வாப்பா குரலு என் போன்ல ஒரு எடத்துலயும் இல்ல. ஆனா எடுத்திருந்தா நான் போனைப் பாத்திருப்பேன், அந்தக் கையைப் பாத்திருக்க மாட்டேன். அதுக்காவ வாப்பாக்கு நன்னி சொல்லுதேன். நாயனக்கார அண்ணாச்சி, வில்லுப்பாட்டு அக்கா, பூவை அவுத்துக் கட்டச் சொன்ன அண்ணாச்சி, தன் முறையைக் குடுத்த அந்தக் கடக்கரைக்காரரு, நர்சு அக்கா, உங்க எல்லாருக்கும் நானும் உம்மாவும் கடைசி வரைக்கும் துஆ செய்வோம்.

வாப்பா போன பெறவு என் போன்ல வந்து குமிஞ்ச படத்துக்குக் கணக்கில்ல. பூவு, மெழுகுவத்தி, கை ரெண்டும் ஏந்துத படம், அதுக்குப் பின்னால யாரோ ஓதுத சத்தம். அனுப்புனவங்க எல்லாம் பாசத்துல அனுப்புனவங்கதான், எனக்கு வருத்தமில்ல. ஆனா எங்க வாப்பாக்குப் பொட்டிப் பாட்டு ஆகாது. அதனால இதைப் படிக்குதவங்க யாரா இருந்தாலும், முஸ்லிமோ இந்துவோ கிறிஸ்டினோ, எனக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாம். இருக்குத எடத்துல ஒரு நிமிசம் நில்லுங்க. உங்க சொந்த வாயைத் தொறந்து, உங்களுக்குத் தெரிஞ்ச பாசையில, கொஞ்சம் சத்தமாவே எங்க வாப்பாக்காவ வேண்டிக்கிடுங்க. அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்.